சான்று, உரிமம், விலக்கு: போராட்ட ஆவணப்படங்கள் எங்கே நிறுத்தப்படுகின்றன?

‘அனுமதியின்றி ஆவணப்படம் திரையிட முயற்சி, போலீஸார் தடுத்து நிறுத்தினர்.’ நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது வரும் செய்தி இது. படம் மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களைப் பற்றியதாக இருக்கும்; இல்லையென்றால் ஆலைக் கழிவால் கிணறு கெட்டுப்போன ஊரைப் பற்றியதாக இருக்கும். யாருடைய அனுமதி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் என்பது மட்டும் செய்தியில் இருக்காது.

‘அனுமதி’ என்ற ஒரே சொல்லில் நான்கு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. படத்துக்கான தணிக்கைச் சான்று, இடத்துக்கான உரிமம், விழாக்களுக்கான விலக்கு, கூட்டம் நடத்தக் காவல் துறை தரும் இசைவு. ஒவ்வொன்றையும் தருபவர் வேறு, மறுத்தால் போக வேண்டிய இடமும் வேறு. இவற்றைப் பிரித்துப் பார்த்தால், இந்தப் படங்களை நிரந்தரமாகத் தடை செய்யும் உத்தரவுகள் குறைவு என்பது புரியும். பெரும்பாலும் நடப்பது தள்ளிப்போடுவது. ஒரு போராட்டம் சூடாக இருக்கும்போது மக்கள் பார்க்க வேண்டிய படம், அது அடங்கிப் பல வருடங்கள் கழித்து நீதிமன்றத்தில் ஜெயித்து வெளியே வருகிறது.

அடிப்படை: படம் மத்திய அரசிடம், கொட்டகை மாநில அரசிடம்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சினிமாவை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. படத்துக்குச் சான்று அளிப்பது மத்தியப் பட்டியல். படம் காட்டும் இடத்தை ஒழுங்குபடுத்துவது மாநிலப் பட்டியல்.

முதலாவதற்கு 1952-ஆம் வருட சினிமாட்டோகிராஃப் சட்டம். பொதுத் திரையிடலுக்கு வரும் எந்தப் படமும் மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றைப் பெற்றிருக்க வேண்டும் என்கிறது அது. மூன்று மணி நேர மசாலாப் படமும், பத்து நிமிட ஆவணப்படமும் இதில் ஒன்றுதான். சான்றில்லாமல் திரையிட்டால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் (பிரிவு 7). தண்டனை திரையிடுபவருக்கு மட்டும் கிடையாது, ‘திரையிட அனுமதிப்பவருக்கும்’ உண்டு. மண்டபம் கொடுத்தவர், கல்லூரி அரங்கைத் திறந்துவிட்டவர் எல்லோரும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். பிரிவு 7-அ காவல் துறைக்குச் சோதனை போடவும் படத்தைக் கைப்பற்றவும் அதிகாரம் தருகிறது.

இரண்டாவதற்குத் தமிழ்நாட்டில் 1955-ஆம் வருட சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. உரிமம் பெற்ற இடத்தில்தான் படம் காட்டலாம் என்பது இதன் பிரிவு 3. அமைதி குலையும் என்று கருதினால் மாநில அரசும் மாவட்ட ஆட்சியரும் ஒரு படத்தின் திரையிடலை நிறுத்திவைக்கலாம் என்பது பிரிவு 7. ஆகவே கையில் தணிக்கைச் சான்று இருந்தாலும், “இந்த மண்டபத்துக்கு உரிமம் இருக்கிறதா?” என்ற கேள்வியோடு இன்ஸ்பெக்டர் வந்து நிற்கலாம். தெருமுனையில் வெள்ளை வேட்டியைக் கட்டி புரொஜெக்டர் வைப்பவர்கள் இந்த இரண்டாவது சட்டத்தைப் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

‘பொதுத் திரையிடல்’ என்றால் என்ன?

மொத்தக் குழப்பத்துக்கும் ஊற்றுக்கண் இந்தச் சொல்தான். சினிமாட்டோகிராஃப் சட்டம் முழுக்க இது வருகிறது. வரையறை எங்கும் இல்லை. தொழிற்சங்க அலுவலகத்தில் 30 உறுப்பினர்கள் உட்கார்ந்து பார்ப்பது பொதுத் திரையிடலா? கல்லூரி வகுப்பறையில் காட்டுவது? போராட்டப் பந்தலில் அந்த ஊர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டுவது?

வரையறை இல்லாத இடத்தில் முடிவெடுப்பவர் அந்த நேரத்தில் அங்கே பொறுப்பில் இருக்கும் அதிகாரி. ‘தனிப்பட்ட பார்வைக்கு மட்டும்’ என்று குறுந்தகட்டில் அச்சிட்டு விற்றாலும் சான்று தேவை என்று டெல்லி உயர் நீதிமன்றம் சூப்பர் கேசட்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று அழைப்பிதழில் போடுவது ஓரளவு பாதுகாப்பு தருகிறது; முழுக் கவசம் ஆகிவிடாது. ‘அனைவரும் வருக’ என்று சுவரொட்டி ஒட்டிவிட்டால் அந்த ஓரளவும் போய்விடும்.

நான்கு நகரங்கள், பதினாறு நிமிடங்கள்

ஆவணப்படத்துக்கும் முன்தணிக்கை உண்டு என்பது 1970-இல் ஓர் ஆவணப்பட வழக்கிலேயே உறுதியானது. பத்திரிகையாளரும் இயக்குநருமான கே.ஏ. அப்பாஸ் ‘நான்கு நகரங்களின் கதை’ என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு குறும்படம் எடுத்தார். கல்கத்தா, பம்பாய், மதராஸ், டெல்லி. பளபளக்கும் கட்டடங்கள் ஒருபுறம், அவற்றைத் தங்கள் கையால் கட்டியவர்கள் குடியிருக்கும் சேரிகள் மறுபுறம். கறுப்பு வெள்ளை, 16 நிமிடம். வசனம் கிடையாது. உழைப்பாளிகள் வேலை செய்துகொண்டே பாடும் ஒரு பாட்டும், பின்னணி இசையும் ஒலிகளும் மட்டும்.

அப்பாஸ் ‘யு’ சான்று கேட்டார். வாரியம் ‘ஏ’ என்றது. அவர் மேலே முறையிட்டபோது, பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சிகளை வெட்டினால் ‘யு’ தருவதாகப் பதில் வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு இறங்கிவந்து, வெட்டு இல்லாமல் ‘யு’ தருவதாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் முன்தணிக்கை என்ற முறையே செல்லுமா என்ற கேள்வியை அப்பாஸ் கைவிடவில்லை. தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு செல்லும் என்றது. சினிமா பார்ப்பவரின் உணர்ச்சியை மற்றக் கலைகளைவிட ஆழமாகத் தொடும், அதனால் அதைத் தனியாக நடத்தலாம் என்பது காரணம்.

படம் தப்பித்தது, ஆவணப்படக்காரர்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். இன்றுவரை ‘கதைப்படத்துக்குத் தணிக்கை சரி, உண்மையைக் காட்டும் படத்துக்கு எதற்கு?’ என்று நீதிமன்றத்தில் கேட்டால் முன்னால் வந்து நிற்பது இந்தத் தீர்ப்புதான். அதில் ஒரு நன்மையும் விளைந்தது. வாரியத்தின் முடிவை எதிர்த்து அரசிடமே முறையிடும் முறையை மாற்றித் தனி அமைப்பு ஒன்றை ஏற்படுத்துவதாக அந்த வழக்கில் அரசுத் தரப்பு வாக்குக் கொடுத்தது. அதன்படி திரைப்படச் சான்றிதழ் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1983-இல் வந்தது.

சான்று வாங்கும் பாதை

1. இ-சினிபிரமாண் இணையதளத்தில் விண்ணப்பம். படத்தில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லின் எழுத்து வடிவமும், கதைச் சுருக்கமும் தர வேண்டும். ஊர்வல முழக்கம், கூட்டத்தில் யாரோ குறுக்கே கத்தியது எல்லாம் இதில் அடங்கும். ஆவணப்படக்காரர்கள் நாட்களைத் தொலைப்பது இந்த இடத்தில்தான். கதைப்படத்துக்குத் திரைக்கதை முன்பே கையில் இருக்கிறது. ஆவணப்படத்துக்குப் படம் முடிந்த பிறகு உட்கார்ந்து, நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் காட்சியையும் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும்.

2. பரிசீலனைக் குழு பார்க்கிறது. சட்டத்தின் பிரிவு 5-ஆ காரணங்களைச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்தைத் தூண்டுதல். போராட்டப் படங்கள் பெரும்பாலும் ‘பொது ஒழுங்கு’, ‘அவதூறு’ இரண்டில் சிக்கும். இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றி கேலம் மக்ரே எடுத்த ‘நோ ஃபயர் ஸோன்’ ‘நட்புறவு’ என்ற காரணத்தில் மாட்டியது. இலங்கையுடனான உறவைப் பாதிக்கலாம் என்று 2014-இல் சான்று மறுத்தார்கள்.

3. ஒத்துவராவிட்டால் மறுஆய்வுக் குழு. இங்கே நிலைமை மோசமாவதும் உண்டு. 1998 அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிறகு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் எழுந்த அமைதி இயக்கத்தைப் பற்றி ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘வார் அண்ட் பீஸ்’ படத்துக்கு மறுஆய்வுக் குழு 21 வெட்டுகளைச் சொன்னது. அதில் ஒன்று, பிரதமர், அமைச்சர்கள் உட்பட அரசியல் தலைவர்கள் வரும் காட்சிகளையும் பேச்சையும் எடுத்துவிட வேண்டும் என்பது. அணுகுண்டு பற்றிய படத்தில் அதை வெடிக்க உத்தரவிட்டவர்கள் பேசக் கூடாது என்றால் மீதி என்ன இருக்கும்? 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் இல்லாமல் சான்று தரச் சொன்னது.

4. அதற்கும் மேல் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டத்தில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

இந்த நான்காவது படியில் வந்த மாற்றத்தின் கனம் வெளியே அதிகம் பேசப்படவில்லை. தனுஷ்கோடி மீனவர்களையும் அகதிகளையும் வைத்து லீனா மணிமேகலை எடுத்த ‘செங்கடல்’ படத்துக்கு 2011 தொடக்கத்தில் வாரியம் சான்று மறுத்தது. தீர்ப்பாயம் அதே வருடத்தில் வெட்டு இல்லாமல் சான்று பெற்றுத் தந்தது. சினிமா வழக்குகளை மட்டுமே பார்த்த ஓர் அமைப்பு என்பதால் அந்த வேகம் சாத்தியமாயிற்று. உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆவணப்பட வழக்கு ஆயிரக்கணக்கான மற்ற வழக்குகளோடு வரிசையில் நிற்கும். பெரிய தயாரிப்பாளர் மூத்த வழக்கறிஞரை வைத்து அவசர வழக்காக எடுக்கச் செய்யலாம். கேமராவையே வாடகைக்கு எடுத்துப் படம் பண்ணியவரால் அது முடியாது.

ஜெயித்தும் தோற்ற வழக்குகள்

போபால் விஷவாயுக் கசிவு நடந்தது 1984 டிசம்பர். பாதிக்கப்பட்டவர்களின் நிலையை வைத்து தபன் போஸும் சுஹாசினி முலேவும் எடுத்த ‘பியாண்ட் ஜெனொசைட்’ தேசிய விருது பெற்றது. தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, படத்தின் பொருள் பழையதாகிவிட்டது என்பது. நிவாரணத்துக்காக மக்கள் அப்போதும் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். அரசை விமர்சிக்கிறது என்பதற்காக மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது வருடம் 1992.

பட்வர்தனின் ‘ஃபாதர், சன் அண்ட் ஹோலி வார்’ 1995-இல் முடிந்த படம். இதற்குத் தணிக்கைச் சான்று இருந்தது. தேசிய விருதும் இருந்தது. அப்படியும் தூர்தர்ஷன் மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஒளிபரப்பச் சொன்னது 2006 ஆகஸ்டில்.

பதினோரு வருடம். படம் எடுத்தபோது பிறந்த குழந்தை ஆறாம் வகுப்புக்குப் போயிருக்கும். தீர்ப்பின் வாசகங்கள் நெஞ்சை நிமிர்த்த வைக்கும். சட்டக் கல்லூரியில் பாடமாகும். ஆனால் வகுப்புக் கலவரம் பற்றிய ஒரு படம், கலவரத்தின் நினைவு பச்சையாக இருக்கும்போது வீடுகளுக்குள் போய்ச் சேர்வதற்கு நிகராக எந்தத் தீர்ப்பும் ஆகாது.

‘சட்டம் ஒழுங்கு கெடும்’ என்ற காரணம்

நடைமுறையில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. யாரோ சிலர் எதிர்ப்புத் தெரிவிக்கப்போவதாக மனுக் கொடுப்பார்கள். அதைக் காட்டி திரையிடலை நிறுத்துவார்கள்.

இதற்கான பதில் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே இருக்கிறது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் (எஸ். ரங்கராஜன் எதிர் பி. ஜெகஜீவன் ராம்) அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது. அப்படி நடந்தால் தடுப்பது அரசின் கடமை. ஆபத்து வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்த பொறிபோல உடனடியானதாக இருக்க வேண்டும் என்றது. அந்தப் படத்தின் கருத்தோடு இந்தக் கட்டுரைக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அதற்குக் கிடைத்த பாதுகாப்புதான் இன்று தலித் மக்களின் போராட்டத்தைச் சொல்லும் படங்களுக்கும் கேடயம்.

எதிர்ப்பு வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு 2015 ஒரு வழி காட்டியது. முசாஃபர்நகர் கலவரம் பற்றி நகுல் சிங் சாஹ்னி எடுத்த படத்தின் திரையிடலை டெல்லி கல்லூரி ஒன்றில் கலைத்தார்கள். ‘சினிமா ஆஃப் ரெசிஸ்டன்ஸ்’ குழுவின் அழைப்பில் அதே ஆகஸ்ட் மாதம் பல ஊர்களில் ஒரே நாளில் அந்தப் படம் திரையிடப்பட்டது. 2006-இல் கோரக்பூரில் தொடங்கிய குழு அது. நிறுவன விளம்பரப் பணம் வாங்குவதில்லை. பார்க்க வருபவர்கள் கொடுப்பதில் நடக்கிறது.

விழாக்களுக்கு விலக்கு

சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் பிரிவு 9-இன்படி மத்திய அரசு எந்தப் படத்துக்கும் சான்றிலிருந்து விலக்குத் தரலாம். திரைப்பட விழாக்கள் இதைப் பயன்படுத்துகின்றன. படங்களின் பட்டியல், சுருக்கம், தேர்வுக் குழுவினர் விவரம் எல்லாவற்றையும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். பதிவு செய்த பிரதிநிதிகள் மட்டுமே பார்க்கலாம்.

விலக்கு என்பதும் ஒரு சல்லடைதான். 2017-இல் கேரளத்தின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவில் மூன்று படங்களுக்கு மட்டும் மறுத்தார்கள். ஒன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் தற்கொலை செய்துகொண்ட தலித் மாணவர் ரோஹித் வெமுலா பற்றியது, ஒன்று டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழக மாணவர் போராட்டம், மற்றது காஷ்மீர். 2019-இல் அதே விழாவில் பட்வர்தனின் படத்துக்கு மறுத்தபோது கேரள உயர் நீதிமன்றம் திரையிட அனுமதித்தது.

படக்காரர்கள் ஒன்றுசேர்ந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். 2004 மும்பை சர்வதேச விழாவுக்கு இந்தியப் படங்கள் மட்டும் தணிக்கைச் சான்றோடு வர வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். 300-க்கு மேற்பட்டவர்கள் எதிர்க்க, விதி வாபஸ் ஆனது. பிறகு தேர்வில் பல அரசியல் படங்கள் கழன்றுபோயின. நிராகரிக்கப்பட்டவர்கள் ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவை அதே மும்பையில் அதே நாட்களில் நடத்தினார்கள். தமிழ்நாட்டில் அமுதன் ஆர்.பி. 1998-இலிருந்து மதுரையில் நடத்திவரும் ஆவணப்பட விழாவும் இப்படி அரசுக்கு வெளியே நிற்கும் மேடைதான்.

இணையம்: சான்று வேண்டாம், பாதுகாப்பும் இல்லை

கையால் மலம் அள்ளுபவர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ 2017-இல் வந்தது. காவல் துறை பல இடங்களில் திரையிடலைத் தடுத்தது. படம் யூடியூபில் ஏறியது. மண்டபங்களில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிடப் பன்மடங்கு பேர் பார்த்தார்கள். இணையத்தில் ஏற்றுவதற்குத் தணிக்கைச் சான்று தேவையில்லை.

அங்கே வேறு சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69-அ, அதோடு 2021-ஆம் வருட விதிகள். அவசரம் என்றால் படம் எடுத்தவரைக் கேட்காமலே முடக்கலாம். 2023 ஜனவரியில் பிரதமர் மோடியைப் பற்றிய பிபிசி ஆவணப்படத்தின் இணைப்புகளை நீக்க இந்த அவசர அதிகாரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். சான்றிதழ் வாரியம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இங்கே முடக்கும் நடைமுறையை ரகசியமாக வைத்திருக்க விதியே சொல்கிறது.

சிறிய தொல்லை ஒன்றும் உண்டு. ஊர்வலத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் சினிமாப் பாட்டு ஓடினால், அது படத்தில் பதிவாகியிருந்தால், தளத்தின் தானியங்கிக் கண்காணிப்பு அந்தப் பகுதியின் ஒலியை நிறுத்தலாம், காணொளியையே முடக்கலாம். படத்தொகுப்பிலேயே அந்தப் பாட்டுள்ள துண்டுகளைக் குறித்து வைத்து மாற்று ஒலியோடு ஒரு பிரதி எடுத்துவைப்பது நல்லது.

இந்த நிலைமை இந்தியாவுக்கு மட்டும் உரியது இல்லை. மேலே சொன்ன ‘நோ ஃபயர் ஸோன்’ படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக, லீனா ஹென்ட்ரி என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர்மீது மலேசியத் தணிக்கைச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது.

திரையிடுபவர்கள் கவனிக்க வேண்டியவை

1. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியதும் ரசீது வாங்குங்கள். நிகழ்ச்சி இன்னதென்று அதில் எழுதியிருக்கட்டும். பெரும்பாலான திரையிடல்கள் நிற்பது மண்டபக்காரருக்கு வரும் ஒரு போனில். அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, சினிமாட்டோகிராஃப் சட்டத்தின் பிரிவு 7 அவரையும் பிடிக்கும். பக்கத்திலேயே இரண்டாவது இடம் ஒன்றைப் பேசி வைத்திருப்பதுதான் வழி.

2. படத்தை ஒரே பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். கைப்பற்றினால் நிகழ்ச்சி அத்தோடு முடிந்தது. எடிட் செய்யாத மூலக் காட்சிகள் திரையிடல் நடக்கும் ஊரிலேயே இருக்கக் கூடாது. படத்தில் சேர்க்காமல் விட்ட முகங்கள் அதில் இருக்கும். அவர்களில் பலர் பெயர் வெளிவந்தால் வேலையும் வீடும் போகும் நிலையில் இருப்பவர்கள்.

3. சான்று வாங்கிய பிறகு படத்தில் எதையும் சேர்க்கவோ வெட்டவோ செய்தால் வாரியத்திடம் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். வேறு மொழியில் டப்பிங் செய்தால் தனிச் சான்று. போராட்டம் தொடர்ந்துகொண்டிருக்கிறது, போன மாதத் தடியடியையும் கடைசியில் சேர்ப்போம் என்று இரண்டு நிமிடம் ஒட்டினால், சட்டத்தின் கண்ணில் அது சான்றில்லாத படம். புதிய காட்சிகளைத் தனிக் காணொளியாக இணையத்தில் வைப்பது பலர் கடைப்பிடிக்கும் முறை.

4. நிறுத்த வந்தால் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? உத்தரவு எழுத்தில் இருக்கிறதா? வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டால், மறுநாள் உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்யச் சொல்லிக் காட்ட ஒரு காகிதம் இருக்காது. ‘நாங்கள் தடுக்கவே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். எழுதித் தர மறுத்தால், வந்தவரின் பதவி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அன்றே காவல் கண்காணிப்பாளருக்கும் ஆட்சியருக்கும் பதிவுத் தபாலும் மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். வழக்கின் முதல் ஆவணம் அந்தத் தபாலின் ஒப்புகைச் சீட்டுதான்.